பின் சீட்டு ஸ்பீக்கரில் உன் கையெழுத்து

செவ்வாய்க்கிழமை பகலில் டாக்டரின் கார் நம் கடை வாசலில் வந்து நின்றது. டாக்டர் வரவில்லை. அவர் அதை விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் போய் நாலு வருஷமாகிறது. இப்போது அது பசவனகுடியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் இருக்கிறது. கறுப்பாக இருந்த காருக்கு அவர் பச்சை அடித்திருக்கிறார். ஆனாலும் நிறுத்தும்போது அது ஒரு தும்மல் போடும் அல்லவா, அதை உள்ளேயிருந்தே கேட்டுவிட்டேன். கையிலிருந்த சால்டரிங் ராடைக் கீழே வைத்தேன். ஆறு வருஷமாக அந்தத் தும்மலைக் கேட்காமல் இருந்ததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

வாத்தியார் நல்ல மனிதர். "ரேடியோ ஹாடல்ல ஸ்வாமி, பரீ கொர கொர அன்னத்தெ," என்றார். பாட்டு வராமல் வெறும் கொரகொர என்றால் எது கிழிந்திருக்கும் என்று நமக்குத் தெரியாதா? அந்தக் காரில் ஸ்பீக்கர் இரண்டு. ஒன்று முன்னால் டாஷ்போர்டுக்கு அடியில். இன்னொன்று பின் சீட்டுக்கு மேலே, கண்ணாடி ஓரத்துப் பலகையில். வெயில் நேராக விழுவதால் பின்னால் இருப்பதுதான் முதலில் போகும். சனிக்கிழமை வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, பின் சீட்டில் முட்டி போட்டு ஏறினேன். நாலு திருகாணி. பலகையைத் தூக்கியதும் காய்ந்த கோந்தும் நனைந்த தேங்காய் நாரும் பழைய ரெக்சினும் கலந்த வாசனை வந்தது. நீ கை கழுவாமல் டீ குடிக்க வந்து உட்கார்ந்தால் உன்னிடமிருந்து வருமே, அதே வாசனை. கொஞ்ச நேரம் முட்டி போட்டபடியே இருந்தேன்.

ஸ்பீக்கரின் காகிதக் கோன் விளிம்பெல்லாம் பிய்ந்து தொங்கியது. கழற்றித் திருப்பினேன். கோனின் பின்பக்கத்தில் பென்சிலில், வலது பக்கம் சாயும் உன் எழுத்தில், ஒரு தேதி. அதன் கீழே, "முதல் சத்தம்: தாங்கமாட்டான்."

உனக்குத்தான் அந்தக் கிறுக்கு இருந்தது. கோன் மாற்றி ஒட்டிய எந்த ஸ்பீக்கரானாலும், கடைசியாக முடுக்கி மூடுவதற்கு முன் அதன் முதுகில் தேதி போட்டு, சோதனையின்போது முதலில் காதில் விழுந்த சத்தம் எது என்றும் எழுதிவிடுவாய். "கன்னடச் செய்தி." "சிலோன் பாட்டு." "மழை, வேற ஒண்ணும் இல்ல." ஒரு தடவை, "இவன் கொட்டாவி" என்று என்னையே எழுதி, ஒரு கர்னல் காருக்குள் வைத்து மூடிவிட்டாய். நான் கத்தினேன். நீ சிரித்தாய். "என்னிக்காவது எவனாவது பிரிச்சுப் பாப்பாண்டா. அவனுக்கு ஒரு லெட்டர்," என்றாய். "எவன் பிரிப்பான்? இந்த ஊர்ல கார் ரேடியோவுக்குள்ள தலைய விடற கழுதைங்க நாம ரெண்டு பேருதான்," என்றேன் நான்.

தாங்கமாட்டான் என்பது ரேடியோவில் வந்த வார்த்தை இல்லை. அதைச் சொன்னது நான். உன்னைப் பற்றிச் சொன்னது. உன் காதுக்கு அது போகவில்லை என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தேழில் வெள்ளைக்காரர்கள் கண்டோன்மென்ட்டைக் காலி செய்தபோது பங்களாவை விட்டார்கள், பியானோவை விட்டார்கள், காரையும் விட்டார்கள். சில கார்களில் ரேடியோ இருந்தது. வாங்கியவர்களுக்கு அதை எப்படிப் பாட வைப்பது என்று தெரியவில்லை. நீ பட்டாளத்து ஒயர்லெஸ் ஒர்க்ஷாப்பிலிருந்து வெளியே வந்திருந்தாய். நான் எலெக்ட்ரிக் வேலையில் மேஸ்திரியோடு சண்டை போட்டுவிட்டு வெளியே வந்திருந்தேன். அல்சூரில் ஏரிக்குப் போகிற தெருவில் ஒரு ஒண்டிக் கடையைப் பிடித்தோம். வீட்டு ரேடியோ பார்க்க ஊரெல்லாம் ஆள் இருக்கிறான், நாம் கார் ரேடியோ மட்டும் பார்ப்போம் என்று நீதான் சொன்னாய். ஒரு மாதத்தில் ஓடிப்போவாய் என்று நான் நினைத்தேன். உன்னோடு பதினைந்து வருஷம் ஓடிவிட்டது.

காரில் ஸ்பீக்கர் மாட்டுவது பாதி வேலைதான். அது பாடும்போது கூடச் சேர்ந்து எது ஆடுகிறது என்று கண்டுபிடிப்பது மீதி வேலை. பலகை ஆடும், ஆணி ஆடும், கண்ணாடி ஆடும். அதற்கு நீ ஒரு வழி வைத்திருந்தாய். ஸ்பீக்கரைக் கார் ரேடியோவிலிருந்து கழற்றி, நீள ஒயரைக் கண்ணாடி இடுக்கு வழியாகக் கடைக்குள் இழுத்து, மேஜை மேலிருந்த ஆம்ப்ளிஃபயரில் மைக் மாட்டுகிற பக்கத்தில் சேர்த்துவிடுவாய். அப்போது ஸ்பீக்கர் பாடாது. கேட்கும். காருக்குள் பெருமூச்சு விட்டாலும் மேஜையில் ஹெட்போன் போட்டிருப்பவன் காதில் விழும். நான் பின் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு இடமாக விரலால் தட்டுவேன். நீ ஹெட்போனோடு உள்ளேயிருந்து, "அங்கதான்! இன்னொரு தபா தட்டு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவாய். தட்டுவது நான், கேட்பது நீ. அது மாறியதே இல்லை. முதல் சத்தம் என்று நீ எழுதுவதில் என் தட்டல் மட்டும் சேராது.

சீனச் சண்டைக்கு அடுத்த வருஷம் உன் வயிறு கெட்டது. முதலில் டீ தங்கவில்லை, பிறகு சோறு தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள். செய்தவர் நம் பழைய வாடிக்கைக்காரர், இந்தக் காரின் டாக்டர். வயிற்றுப் புண், வெட்டி எடுத்தாயிற்று என்று உன்னிடம் சொன்னார்கள். ஒரு மாதத்தில் நீ கடைக்கு வந்துவிட்டாய். சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டி, "மூட்டை தைக்கற கோணி ஊசியால தச்சுட்டாங்கடா," என்றாய். இளைத்திருந்தாய், ஆனால் வாய் இளைக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் டாக்டர் இரண்டு ஸ்பீக்கரையும் மாற்றச் சொல்லிக் காரை அனுப்பினார்.

அன்று ஜூன் மாத மழை. பின் ஸ்பீக்கருக்குப் புதுக் கோன் ஒட்டிப் பலகையில் சும்மா பொருத்தி, ஒயர் இழுத்து, நான் உள்ளே தட்டிக்கொண்டிருந்தேன். நீ மேஜையில் இருந்தாய். டாக்டர் குடையோடு நடந்து வந்தார். உன்னிடம் போய் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், இரண்டு வார்த்தை பேசினார், சிரித்தார். பிறகு காருக்கு வந்து பின் கதவைத் திறந்து, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கடையில் தனியாகப் பேச இடமில்லை, தெருவில் மழை. நான் எட்டிப் பார்த்தேன். நீ ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கோந்துக் கையைக் கழுவப் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தாய். அதைப் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். அதன் பிறகு எங்கள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிவிட்டது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "வயித்தத் திறந்து பாத்தோம். எடுக்கற நிலைமையில இல்ல. அப்படியே மூடிட்டோம்," என்றார். தட்டிக்கொண்டிருந்த விரலை நான் மடக்கிக்கொண்டேன். அவர் தொடர்ந்து பேசினார். "புண்ணுன்னு சொன்னது அப்போதைக்கு. இப்போ எழுந்து நடமாடறாரு. உண்மையச் சொல்லிடலாமான்னு யோசிக்கறேன். தெரிஞ்சுக்கிட்டு நடந்துக்கற ஆளு மாதிரிதான் எனக்குத் தோணுது. நீங்க இத்தனை வருஷமா கூட இருக்கீங்க. என்ன சொல்றீங்க?"

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "வேணாம் டாக்டர். தாங்கமாட்டான்."

"சரி. அஞ்சு மாசம், மிஞ்சினா ஆறு. வீட்ல ஒருத்தருக்காவது தெரியணும்."

"நான் சொல்லிக்கறேன் டாக்டர்."

அவ்வளவுதான் பேச்சு. எங்கள் தலைக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் அந்த ஸ்பீக்கர் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒயரை இழுத்தது நான். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி அதை வெளியே விட்டதும் நான். வேறு எவன் காரில் உட்கார்ந்து ரகசியம் பேசியிருந்தாலும் அது ரகசியமாகவே இருந்திருக்கும். பதினைந்து வருஷம் இதே பிழைப்பாக இருந்தவன், கதவைச் சாத்தினால் யாருக்கும் கேட்காது என்று நினைத்துவிட்டேன். இப்போது உன் எழுத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். நீ கை கழுவிவிட்டு வந்து ஹெட்போனை மாட்டிய நேரம், நான் அந்த வார்த்தையைச் சொன்ன நேரம். முதல் சத்தம் அதுவென்றால், அடுத்தது அஞ்சு மாசம்.

டாக்டர் போன பிறகு நீ வெளியே வந்தாய். "இடது ஓரத்துல ஒரு ஆணி லூஸு. அதுதான் ஆடுது," என்றாய். உன் முகத்தில் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் நான் பார்த்திருக்க மாட்டேன். என் முகத்தில் ஏதாவது தெரிந்துவிடுமோ என்ற கவலையில் நான் குனிந்து ஆணியைத் தேடிக்கொண்டிருந்தேன். நீ ஸ்பீக்கரை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, "பென்சில் எங்கடா?" என்றாய். என் காதோரம் செருகியிருந்ததை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நீ எழுதினாய். நாலு திருகாணியையும் நீயே முடுக்கினாய். பிறகு டீ சொன்னாய். உன் டீயில் பாதியை எனக்கு ஊற்றினாய்.

செவ்வாயிலிருந்து வியாழன் வரை அந்தக் கோன் மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்த பிறகு அந்த அஞ்சு மாதத்தின் ஒவ்வொரு நாளும் திரும்ப வருகிறது. பழைய நாள்தான், ஆனால் அதில் நீ வேறு ஆளாக உட்கார்ந்திருக்கிறாய். நான் வேலை செய்யும்போது வருகிறாய், சாப்பிடும்போது வருகிறாய். என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு இதில் பயமாக இருக்கிறது. சொல்ல வெட்கமில்லை.

புரட்டாசியில் உன் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. புதிதாகத் தைக்கக் கொடுக்கப் போகிறேன் என்றாய். எனக்கு எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ, "இப்போ தைக்காதடா, உடம்பு தேறினதும் பழைய அளவு வந்துடும், துணி தண்டம்," என்றேன். நீ சிரித்தாய். தையல் வலிக்க வலிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். உன்னைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்று அன்று முழுவதும் எனக்குப் பெருமையாக இருந்தது. நீ எதற்குச் சிரித்தாய் என்பது இந்த வியாழக்கிழமை காலையில்தான் எனக்குப் புரிந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு நீ ஹெட்போனைத் தொடவில்லை. "நீ கேளு, நான் தட்டறேன். சீட்டு மெத்துனு இருக்குது, எனக்கு உக்கார சௌரியம்," என்றாய். நோயாளிக்கு மெத்தை வேண்டியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். அதனால் நாம் இடம் மாறினோம்.

ஆவணியில் ஒரு டாக்சி வந்தது. பகல் மூன்று மணி இருக்கும். நீ பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாய். நான் மேஜையில் ஹெட்போனோடு தட்டுக்காகக் காத்திருந்தேன். தட்டவில்லை. ரெக்சின் ஒரு தடவை முனகியது. பிறகு உன் மூச்சு மட்டும். என் காதுக்குள்ளேயே நீ மூச்சு விடுவது மாதிரி இருந்தது. அது நேராக வரவில்லை, நடுவில் தடுக்கித் தடுக்கி வந்தது. பிறகு நீ பேசினாய்.

"டேய். கேக்குதா?"

ஹெட்போனைக் கழற்றாமலே வாசலைப் பார்த்துக் கத்தினேன். "நல்லாவே கேக்குது. தட்டு, ஜல்தி. ஆள் வந்துடுவான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற அளவுக்கு நேரம். அப்புறம் தட்ட ஆரம்பித்தாய். ஒழுங்காக, ஒரு இடம் விடாமல் தட்டினாய்.

உன் மூச்சு தடுக்கியதை நான் கவனிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கவனித்தேன். வலி என்று நினைத்தேன். வலிக்கிறதா என்று கேட்டால் பேச்சு எங்கே கொண்டுபோய் விடுமோ என்று பயந்தேன். அதனால்தான் ஜல்தி என்றேன். டாக்சிக்காரன் வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எனக்கு அது தெரியும்.

சரி, நீ மட்டும் யோக்கியனா? உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. கேட்டவன் வெளியே வந்து என் சட்டையைப் பிடித்திருக்க வேண்டாமா? "எவனடா தாங்கமாட்டான்?" என்று நாலு அறை விட்டிருக்க வேண்டாமா? மேஸ்திரியை அடித்துவிட்டு வந்தவன் நான், அறை வாங்கத் தெரியாதவனா? நீ என்ன செய்தாய்? பென்சில் கேட்டாய். என் வார்த்தையை எழுதி, இந்த ஊரில் உன்னையும் என்னையும் தவிர யாரும் பிரிக்காத ஒரு இடத்தில் வைத்து முடுக்கினாய். நீ போன பிறகு அதைப் பிரிக்கப் போகிறவன் யார் என்று உனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்தாய். திட்டவா வைத்தாய், மன்னிக்கவா வைத்தாய் என்றுதான் தெரியவில்லை. அதைக் கேட்கலாம் என்றால் நீ இல்லை.

தாங்கமாட்டான் என்றேனே, அது உன்னைப் பற்றிய பேச்சே இல்லை என்று இப்போது தெரிகிறது. உனக்குத் தெரிந்துவிட்டால் உன் எதிரில் உட்கார்ந்து நான் என்ன பேசுவது, எங்கே பார்ப்பது? அதைத் தாங்க முடியாதவன் நான். டாக்டருக்குப் பதில் சொன்னபோது என்னைத்தான் சொன்னேன், உன் பெயரைப் போட்டுச் சொன்னேன்.

கார்த்திகையில் ஒரு காலை நீ போனாய். நான் வால்வு வாங்கச் சிட்டிப் பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது உன் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள்.

மரகதத்துக்கு நான் ஜூன் மாதமே சொல்லிவிட்டேன், டாக்டர் பேசியதற்கு மறுநாள். அவள் வேலை செய்த தையல் கம்பெனி வாசலில் நிறுத்திச் சொன்னேன். உன் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவருக்குத் தெரியுமாண்ணா?" என்றாள். தெரியாது, தெரிய வேண்டாம் என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய் சாயங்காலம் வரை தைத்தாள். அஞ்சு மாதம் உன் எதிரில் கண் கலங்காமல் இருந்தாள். வருஷா வருஷம் உன் திதிக்கு எனக்கு இலை போடுவாள். பரிமாறும்போது அதே வார்த்தையைச் சொல்வாள். "ஒண்ணு மட்டும் நிம்மதிண்ணா. அவருக்குத் தெரியாமலே போச்சு. பயப்படாம போனாரு." நானும் ஆமாம்மா என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வருவேன். அவளிடம் உன்னைப் பற்றி மிச்சம் இருந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

அதனால் கோனை அடுப்பில் போட்டுவிடலாம் என்று வியாழக்கிழமை முடிவு செய்தேன். புதுக் கோனை ஒட்டிக் காய வைத்துவிட்டேன். பழசைச் சுருட்டி ஒரு பேப்பரில் சுற்றினேன். அவளுக்கு இது தெரியவே கூடாது. உன்னோடு போனது போகட்டும். இன்னொரு தடவை மறைப்பது எனக்கு ஒன்றும் பெரிய வேலையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் மரகதம் கடைக்கு வந்தாள். கையில் சாப்பாட்டு கேரியர். முகம் வாடியிருந்தது. அவளுடைய பெரியக்கா, கோலார் தங்கவயலில் இருந்தாளே, உன் கல்யாணத்தில் பந்தியில் உனக்கு மூன்றாவது தடவை பாயசம் ஊற்றி வம்பு செய்தவள், அவளை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்களாம்.

"பசங்க எங்கிட்ட வந்து கேட்டாங்கண்ணா," என்றாள். "அம்மாகிட்ட சொல்லலாமா வேணாமா, உங்களுக்குத்தான் தெரியும் சித்தின்னாங்க. நான் சொல்லிட்டேன், மூச்சு விடாதீங்கடான்னு. அவரு மாதிரி நிம்மதியா போகட்டும்."

பேப்பரில் சுற்றிய கோன் எங்கள் இருவருக்கும் நடுவில் மேஜை மேல் இருந்தது.

"ஆனா அக்கா மூஞ்ச மூஞ்சப் பாக்குதுண்ணா. பசங்களுக்கு நடிக்க வரல. நீங்க ஒரு தடவ வந்து, ஆபரேஷன் நல்லா ஆச்சு, சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னா அக்கா நம்பும். அவருகிட்ட எவ்ளோ நல்லா சொன்னீங்க. கடைசி வரைக்கும் ஒரு சந்தேகம் வந்துச்சா அவருக்கு?"

அவள் என்னை மெச்சித்தான் சொன்னாள். எனக்கு அந்த டாக்சி ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருத்தி படுத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் அவள் எதிரில் போய் நின்று சிரிக்க வேண்டும். மறுபடியும். அப்போது தெரிந்தது, என்னால் முடியாது என்று. மரகதத்தின் ஒரே ஆறுதலை என் கையால் பிடுங்கப் போகிறேன் என்பதும் தெரிந்தது. இரண்டும் தெரிந்துதான் பேப்பரைப் பிரித்தேன்.

அவளுக்கு உன் கிறுக்குத்தனம் தெரியும். தேதியைப் பார்த்தாள். வார்த்தையைப் படித்தாள். "இது யாரு சொன்னது?"

"நான்."

"யாருகிட்ட?"

"டாக்டர்கிட்ட. ஜூன் மாசம், இதோ நிக்குதே, இந்தக் கார்லதான். நாங்க பேசினது ஒயர்ல உள்ள போயிருக்குது. அவன் கேட்டுட்டான்மா. அஞ்சு மாசம்னு டாக்டர் சொன்னதையும் கேட்டுட்டான்."

அவள் அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோனை மடியில் வைத்துக்கொண்டு உன் எழுத்தின் மேல் விரலை வைத்தாள். வெளியே ஒரு பஸ் போனது. இன்னொன்றும் போனது. அந்த அஞ்சு மாதத்தை அவளும் என்னைப் போலவே ஒவ்வொரு நாளாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்போ அந்த அஞ்சு மாசமும் அவரு தனியாவா இருந்தாரு?"

நாம் பக்கத்திலேயே இருந்தோமேம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சமையலறையில் நாலடி தூரத்தில் இருந்தாள். நான் ஒரே மேஜையில் இருந்தேன். இருந்து என்ன? நீ இருந்த இடத்துக்கு நாங்கள் இரண்டு பேருமே வரவில்லை.

மரகதம் எழுந்தாள். கோனை என்னிடம் கொடுக்கவில்லை, புடவைத் தலைப்பில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கேரியரை எடுத்தாள். "நீங்க வரவேணாம்ணா. அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றாள். நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். மூன்றரைக்கே கிளம்பிவிட்டாள்.

சனிக்கிழமை வாத்தியார் வந்து காரை எடுத்துக்கொண்டு போனார். நன்றாகப் பாடுகிறது. தெரு முனையில் தும்மிவிட்டுத் திரும்பியது. நான் கடைக்குள் வந்து உட்கார்ந்தேன்.

நேற்று மரகதம் வந்து சொன்னாள். கேட்டதும் அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். சொல்லியிருக்கக் கூடாதோ என்று மரகதத்துக்குத் தோன்றிவிட்டதாம். கொஞ்ச நேரம் கழித்து அக்கா திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாளாம். இவள் பிடித்துக்கொண்டாளாம். பார்வை நேரம் முடிந்து நர்ஸ் வந்து போகச் சொல்லும் வரை அக்கா அந்தக் கையை விடவில்லையாம்.

மரகதம் போன பிறகு வேலை ஓடவில்லை. அல்சூரில் ஒரே கடையில், ஒரே மேஜையில், அஞ்சு மாதம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திருகாணி கேட்டாய், கொடுத்தேன். பென்சில் கேட்டாய், கொடுத்தேன். ஒரு தடவைகூட உன் கையைப் பிடிக்கவில்லை.